ஐப்பசி ஈரம், மார்கழிப் புகை

ஐப்பசி பிறந்து நாலு நாள் விடாமல் மழை பிடித்துவிட்டால் போதும், எங்கள் அடுக்ககத்தில் யாராவது ஒருவர் என்னை நிறுத்திக் கேட்பார்: "ஏர் பியூரிஃபையர் வாங்கலாமா, இல்ல டீஹியூமிடிஃபையர் வாங்கலாமா?" நான் சொல்லும் பதில் எப்போதும் ஒன்றுதான். முதலில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு ஈரப்பதமானியை வாங்கிப் படுக்கையறையில் வையுங்கள். பத்து நாள் அது காட்டுவதைப் பாருங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

இப்படிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வீட்டுக் காற்றைப் பற்றி நமக்குக் கிடைக்கும் அறிவுரைகளில் பாதி குளிர்நாடுகளுக்காக எழுதப்பட்டவை. மீதி டெல்லிக்காரர்களுக்கானவை. குளிர்நாட்டில் வெளிக்காற்று வறண்டது, ஜன்னலைத் திறந்தால் வீட்டு ஈரம் குறையும். டெல்லியில் புகைதான் பெரும்பாடு, ஜன்னலை மூடிக் கருவியை ஓடவிட்டால் ஓரளவு தப்பிக்கலாம். சென்னை, கடலூர், நாகை, தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் இரண்டுமே அப்படியே பொருந்தாது. இங்கே ஜன்னலைத் திறந்தால் ஈரமும் தூசியும் கொசுவும் உள்ளே வரும். மூடினாலோ அடுப்பு ஆவியும் மூச்சுக்காற்றும் சாம்பிராணிப் புகையும் உள்ளேயே தங்கும். எந்த மாதம், எந்த நேரம், எந்த அறை என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். அதற்குக் கையில் ஒரு எண் வேண்டும்.

விலை குறைந்த ஈரப்பதமானிகள் ஐந்து, பத்து புள்ளி கூடக்குறையக் காட்டும் என்பது உண்மை. சரிபார்க்க வீட்டு உப்பே போதும். ஒரு சின்ன மூடியில் சமையல் உப்பை நிரப்பி, சேறு பதம் வரும்வரை சில சொட்டுத் தண்ணீர் விட்டு, கருவியோடு சேர்த்து ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்றுப் புகாமல் மூடி ஒரு ராத்திரி விடுங்கள். அந்தப் பைக்குள் ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். கருவி 80 காட்டினால் அது 5 கூடச் சொல்கிறது என்று பொருள். அதைக் கழித்துக்கொண்டு படிக்க வேண்டியதுதான்.

வீட்டுக்குள் 40 முதல் 60 சதவீதம் இருந்தால் நல்லது என்பார்கள். மழைக்காலச் சென்னையில் 50-க்குக் கீழே கொண்டுவருவது ஏசி இல்லாமல் நடக்கிற காரியம் இல்லை. அதற்காகப் பணத்தைக் கொட்டவும் வேண்டாம் என்பேன். படுக்கையறை 65-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்வதையே என் இலக்காக வைத்திருக்கிறேன். 70-ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் அப்பளம் நமத்துப்போவதும், பெல்ட்டிலும் செருப்பிலும் பூசணம் பூப்பதும், பீரோவைத் திறந்ததும் அந்த முடைநாற்றம் அடிப்பதும் வரிசையாக வந்துவிடும்.

பூசணம் ஏன் சில சுவர்களில் மட்டும் வருகிறது என்று பலருக்குக் குழப்பம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது புரிந்தால் பாதி வேலை முடிந்தது. காற்று எவ்வளவு சூடாக இருக்கிறதோ அவ்வளவு நீராவியைத் தாங்கும். 30 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று ஏறக்குறைய 30 கிராம் நீராவி வரை தாங்கும். 24 டிகிரியில் 22 கிராம்கூடத் தாங்காது. ஐப்பசியில் ஒருநாள் 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரமும் இருந்தால் ஒவ்வொரு கனமீட்டரிலும் 24 கிராம் இருக்கிறது. அந்தக் காற்று 24 டிகிரிச் சுவர் ஒன்றைத் தொட்டால் என்ன ஆகும்? தாங்க முடியாத மிச்சம் சுவரிலேயே தண்ணீராக இறங்கும். 27 டிகிரிச் சுவராக இருந்தால் துளியாக இறங்காது. ஆனால் சுவரை ஒட்டிய மெல்லிய காற்றுப்படலத்தில் ஈரப்பதம் 95-ஐத் தொட்டு நிற்கும். பூஞ்சைக்குத் துளித் தண்ணீர் தேவையில்லை. சுவரோரம் 80 சதவீதம் சில நாள் நிலைத்தாலே அது வளரத் தொடங்கிவிடும்.

இப்போது உங்கள் வீட்டை நினைத்துப் பாருங்கள். அடுத்த வீட்டுக்காரரின் ஏசி அறை உங்கள் படுக்கையறையோடு ஒரு சுவரைப் பகிர்ந்துகொள்கிறது. அவர் ராத்திரி முழுக்க 20-ல் ஓடவிடுகிறார். உங்கள் பக்கத்தில் அந்தச் சுவர் குளிர்ந்துபோகிறது. அதை ஒட்டி நீங்கள் மர அலமாரியைச் சாத்தி வைத்திருக்கிறீர்கள், பின்னால் காற்று ஓட வழியில்லை. பூசணம் அங்கேதான் வரும். அவர் வீட்டில் வராது, ஏனென்றால் அவர் காற்றை ஏசி உலர்த்திவிடுகிறது. இதே காரணத்தால்தான் உங்கள் வீட்டிலேயே ஏசி அறைக்கும் ஹாலுக்கும் நடுவிலுள்ள சுவரில் ஹால் பக்கம் கறுப்புப் புள்ளிகள் தோன்றுகின்றன. கூரை ஒழுகலைத் தேடி மொட்டைமாடிக்கு ஓடுவதற்கு முன்னால், அலமாரியை நாலு விரல் முன்னால் இழுத்துப் போடுங்கள். அதற்கு ஒரு காசு செலவில்லை.

சரி, வீட்டுக்குள் இருக்கும் ஈரம் எல்லாம் மழைதானா? இல்லை. நாமே தினமும் உற்பத்தி செய்வது எவ்வளவு என்று கணக்குப் போட்டால் மலைப்பாக இருக்கும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, பத்தடி உயரம் என்றால் அதன் காற்று 34 கனமீட்டர். மேலே சொன்ன மழைநாளில் அந்த அறைக் காற்றில் மொத்தமாக இருக்கும் நீர் 800 கிராம் சொச்சம், ஒரு லிட்டர்கூட இல்லை. வாஷிங் மெஷினில் பிழிந்தெடுத்த ஒரு லோடு துணியில் ஏறத்தாழ இரண்டு லிட்டர் தண்ணீர் இருக்கும். அதைப் படுக்கையறைக் கொடியில் காயப்போட்டு ஃபேனைச் சுழலவிட்டால் அந்த இரண்டு லிட்டரும் காற்றுக்கும் சுவருக்கும் மெத்தைக்கும்தான் போகும். நாலு பேர் உள்ள வீட்டில் ராத்திரி மூச்சிலும் வியர்வையிலும் வெளியாவது ஏறக்குறைய ஒரு லிட்டர். கேஸ் அடுப்பைப் பலர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. எரிவாயுவில் உள்ள ஹைட்ரஜன் எரிந்து நீராவியாகிறது. ஒரு கிலோ எரிந்தால் சுமார் ஒன்றரை கிலோ நீர். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தீரும்போது, குழம்பு கொதித்த ஆவியை விட்டுவிட்டுப் பார்த்தாலும், நெருப்பிலிருந்து மட்டும் 20 லிட்டர் வாட்டர் கேன் ஒன்றுக்கு மேலான நீர் வீட்டுக்குள் வந்திருக்கும். கூடவே நைட்ரஜன் டை ஆக்சைடும் வரும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆகாது.

அதனால்தான் சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனை நான் கருவிகளிலேயே முதல் இடத்தில் வைப்பேன். இட்லிப் பானையை ஏற்றும்போதே போட்டுவிட வேண்டும், அடுப்பை அணைத்த பிறகும் கால் மணி நேரம் ஓட வேண்டும். தாளிப்புக் கமறல் எழுந்த பிறகு போட்டால் பாதி ஹாலுக்குப் போயிருக்கும். சிம்னி வாங்குகிறவர்கள் வெளியே குழாய் போகும் வகையையே வாங்குங்கள். குழாய் இல்லாத வகை எண்ணெய்ப் பிசுக்கைப் பிடித்து, கொஞ்சம் வாடையைக் குறைத்து, அதே ஆவியையும் வாயுவையும் திரும்ப அறைக்குள் விடும். குளியலறைக்கும் இதே நியாயம். வெந்நீரில் குளித்துவிட்டுக் கதவை ஹால் பக்கம் திறந்துவைப்பது நம் வீடுகளில் சகஜம். கதவைச் சாத்தி, வென்டிலேட்டர் கண்ணாடிகளைத் திறந்து, எக்ஸாஸ்டை ஓடவிட்டால் அந்த ஈரம் வெளியே போகும். துணிக்கு பால்கனி இல்லாத வீடு என்றால் ஒரே ஒரு அறையைத் தேர்ந்து, கதவை மூடி, ஜன்னல் ஒன்றைத் திறந்து அங்கேயே காயப்போடுங்கள். அந்த அறை ஏசியில் டிரை மோடு இருந்தால் ஜன்னலையும் மூடிவிட்டு அதைப் போடுங்கள், அதற்கு இதைவிட நல்ல வேலை கிடையாது.

சுவர் ஈரம் வேறு கதை. ஓதம் காத்த சுவரைப் பார்த்ததும் "டேம்ப் ப்ரூஃப் பெயின்ட் அடிச்சிடலாம்" என்று சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். ஈரம் காற்றிலிருந்து வருகிறதா, சுவருக்குள்ளிருந்து வருகிறதா என்று தெரியாமல் அடிக்கும் பெயின்ட் வீண். ஒரு கை அகல பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் உட்பக்கம் வியர்த்திருந்தால் சுவருக்குள் நீர் இருக்கிறது. வெளிப்பக்கம் வியர்த்திருந்தால் குற்றவாளி அறைக் காற்று. உட்பக்கம் என்றால் அந்தச் சுவருக்குப் பின்னால் குளியலறை இருக்கிறதா, சன்ஷேடு சுவரோடு சேரும் இடத்தில் விரிசல் இருக்கிறதா, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் அடியில் தளம் விட்டுப்போயிருக்கிறதா என்று தேட வேண்டும். வடகிழக்குப் பருவமழைச் சாரல் பெரும்பாலும் கிழக்கு, வடக்குச் சுவர்களில்தான் அறைகிறது. அங்கே தொடங்குங்கள்.

எங்களுக்கு வெகுகாலமாக வேலை செய்யும் பெயின்டர் அண்ணன் கார்த்திகையில் கூப்பிட்டால் வரவே மாட்டார். "இப்ப அடிச்சா தை மாசத்துல தோல் உரிஞ்சி வரும். மாசி பொறக்கட்டும், நானே வர்றேன்" என்பார். தொழில் தெரிந்தவர் பேச்சு அது. ஈரச் சுவரின் மேல் எமல்ஷன் அடிப்பது நீர் வெளியேறும் வழியை அடைப்பது. உள்ளே உப்புப் பூத்து, பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும். பொங்கலுக்கு முன்னால் வெள்ளையடிக்கும் பழைய வழக்கத்தில் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. சுண்ணாம்பு கடுமையான காரம். பூஞ்சை அதில் வேர்பிடிக்காது. சுவரிலுள்ள ஈரம் வெளியேறவும் அது வழிவிடும். மழை முடிந்து வறண்ட காற்று தொடங்கும் மாதத்தில் அதை அடிப்பது சரியான காலக்கணக்கு. அதற்காகப் பழைய வீடுகளில் காற்று சுத்தமாக இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். விறகடுப்புப் புகையில் வெந்து இளைப்போடு வாழ்ந்த பெண்கள் ஏராளம்.

ஏசி பற்றி. நம் ஊரில் ஏசியே மிகப் பெரிய டீஹியூமிடிஃபையர். அது சொட்டவிடும் நீர் அறையிலிருந்து எடுத்ததுதான். ஆனால் சின்ன அறைக்குப் பெரிய ஏசி போட்டால் அறை சட்டென்று குளிர்ந்துவிடும், ஈரத்தை இழுக்கப் போதிய நேரம் ஓடாமல் கம்ப்ரஸர் அடங்கிவிடும். குளிராகவும் இருக்கும், கசகசப்பாகவும் இருக்கும். நூறு சதுர அடி அறைக்கு ஒன்றரை டன் வேண்டாம். மழைநாளில் 18-ல் வைக்கவும் வேண்டாம். 26-ல் வைத்து ஃபேனை மெதுவாக ஓடவிடுங்கள். 2020 ஜனவரியிலிருந்து நட்சத்திரக் குறியீடு பெற்ற ஏசிகள் இயல்பாக 24-ல் தொடங்க வேண்டும் என்று மத்திய அரசு விதி செய்தது மின்சாரத்துக்காக. நம் சுவர்களுக்கும் அது நல்லதே செய்கிறது. காலையில் ஏசியை அணைத்த கையோடு ஜன்னலைத் திறக்காதீர்கள். வெளியிலிருந்து வரும் ஈரக்காற்று குளிர்ந்த சுவரிலும் அலமாரிக் கண்ணாடியிலும் வியர்வையாக இறங்கும். அரைமணி ஃபேன் ஓடி அறை வெப்பமேறிய பிறகு திறங்கள்.

திறக்காமல் இருக்கவும் கூடாது. ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதே இல்லை, இருக்கும் காற்றையே சுற்றிவிடுகிறது. வெளியே கரியமில வாயு 420 பிபிஎம் அளவில் இருக்கிறது. இரண்டு பேர் கதவு ஜன்னல் சாத்தித் தூங்கும் சின்ன அறையில் விடியும்போது 2000-ஐத் தாண்டிவிடும். தலை பாரமாக எழுவதற்கு அதுவும் ஒரு காரணம். அறைக்கதவை ஒரு விரல்கடை திறந்துவைத்தாலே நிலைமை மாறும்.

பட்டுப்புடவை பீரோவில் பாச்சை உருண்டை போடுவது ஈரத்தைக் குறைக்கும் என்று நம்புகிறவர்கள் உண்டு. அது பூச்சியை விரட்டும், ஈரத்தைத் தொடாது. நாப்தலின் ஆவி நல்லதும் அல்ல. ஜி6பிடி என்ற நொதிக் குறைபாட்டோடு பிறந்த குழந்தைகளுக்கு அது ரத்தச் சிவப்பணுக்களையே உடைத்துவிடும். குழந்தைத் துணி இருக்கும் பீரோவில் தயவுசெய்து போடாதீர்கள். ஈரம் உறிஞ்ச கால்சியம் குளோரைடு டப்பாக்கள் கடையில் கிடைக்கின்றன. மூடிய பீரோவுக்குள் அவை நன்றாக வேலை செய்யும், திறந்த அறையில் ஒன்றும் செய்யாது. சேரும் நீர் துணியில் கொட்டாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வந்துவிட்ட பூசணத்தைத் துடைப்பதிலும் ஒரு எச்சரிக்கை. சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி நன்றாக உலரவிடுவதே போதும். முகத்தில் என்95 முகக்கவசம், கையில் உறை. உலர்ந்த துணியால் தட்டாதீர்கள், வித்துகள் அறை முழுக்கப் பறக்கும். பிளீச்சிங் பயன்படுத்தினால் அதோடு கழிப்பறை கழுவும் அமிலத்தை எந்தக் காரணம் கொண்டும் கலக்கக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும், மூடிய குளியலறையில் உயிருக்கே ஆபத்து.

இனி தூசி. நம் ஊர்த் தூசியில் ரோட்டு மண், எம்-சாண்ட், வாகனப் புகைக்கரி, துணி நூல், உதிர்ந்த தோல், கரப்பான்பூச்சியின் கழிவு எல்லாம் உண்டு. மெட்ரோ இரண்டாம் கட்ட வேலை நடக்கும் ஆற்காடு சாலைப் பக்கம் இருப்பவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் மூக்கடைப்புக்கும் வீசிங்குக்கும் அடிக்கடி காரணமாவது ரோட்டுத் தூசியைவிட மெத்தைத் தூசி. அதில் வாழும் உண்ணிகள் கால் மில்லிமீட்டர்தான் இருக்கும். தண்ணீர் குடிக்காது, காற்றிலிருக்கும் ஈரத்தை உடம்பாலேயே இழுத்துக்கொள்ளும். ஈரப்பதம் 50-க்கு மேல் இருந்தால் தாக்குப்பிடிக்கும், 70-ஐத் தாண்டினால் பெருகும். அவற்றின் எச்சம்தான் ஒவ்வாமையைக் கிளப்புகிறது. ஈரமும் தூசியும் ஒரே பிரச்சினை என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

இந்த எச்சத் துகள்கள் கனமானவை. படுக்கையை உதறும்போது எழும்பி, அரைமணிக்குள் திரும்பப் படிந்துவிடும். மூலையில் நிற்கும் ஏர் பியூரிஃபையர் அவற்றைப் பிடிக்கும் முன்பே அவை தலையணைக்குத் திரும்பிவிடும். ஆகவே உண்ணி ஒவ்வாமைக்கு முதல் செலவு கருவிக்கு அல்ல. ஜிப் வைத்த, நெருக்கமாக நெய்த உறை மெத்தைக்கும் தலையணைக்கும் வேண்டும். விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைக்க வேண்டும். இலவம்பஞ்சு மெத்தையைத் தை, மாசி வெயிலில் மொட்டைமாடியில் போட்டுத் தட்டி எடுப்பது நல்ல பழக்கம். அந்த இரண்டு மாதமும் நம் கடற்கரையில் ஓரளவு வறண்டவை. ஃபோம் மெத்தையை யாரும் மாடிக்குத் தூக்குவதில்லை. அப்படியென்றால் உறையாவது போடுங்கள். கோரைப்பாயில் படுக்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு, துடைத்து வெயிலில் காட்டிச் சுருட்டி வைத்துவிடலாம்.

கூட்டுவதில் ஒரு மாற்றம் செய்தால் போதும். பூந்துடைப்பம் பெரிய குப்பையைத் தள்ளும், நுண்தூசியைக் காற்றில் ஏற்றிவிடும். வாசலில் தண்ணீர் தெளித்துவிட்டுப் பெருக்குகிறோம் இல்லையா, உள்ளே மட்டும் உலர்ந்த தரையைப் பெருக்குகிறோம். எங்கள் வீட்டில் உதவிக்கு வரும் அக்காவிடம் சொல்லி, ஃபேனை நிறுத்திவிட்டு, லேசாக ஈரம் செய்த துணியால் முதலில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுக் கூட்டச் சொன்னேன். அக்காவுக்கு நாள் முழுக்க நாலைந்து வீட்டுத் தூசி, அந்தத் தும்மலும் குறைய வேண்டும் அல்லவா? மழைக்காலத்தில் மாப்பை ஒட்டப் பிழிந்து துடைக்க வேண்டும். சொட்டச் சொட்டத் துடைத்தால் தூசி போய் ஈரம் வந்து சேரும். ஃபேன் றெக்கைக்குப் பழைய தலையணை உறையை மாட்டி இழுத்தால் தூசி உறைக்குள்ளேயே விழும், கட்டிலில் கொட்டாது. ஏசி வலையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுங்கள். அது நூலையும் முடியையும் பிடிக்கும், நுண்துகளைப் பிடிக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

புகைக்கு வருகிறேன், எனக்கு மனசு பதறும் இடம் இது. கொசுவத்திச் சுருள் பற்றி 2003-ல் ஒரு ஆய்வு வந்தது. சீனாவிலும் மலேசியாவிலும் விற்ற சுருள்களை மூடிய அறையில் எரித்துப் பார்த்தார்கள். ஒரு சுருள் எரிந்து முடிய வெளியாகும் நுண்துகள், சுருளைப் பொறுத்து, 75 முதல் 137 சிகரெட் வெளிவிடும் அளவுக்குச் சமம் என்று கண்டார்கள். குழந்தைகள் தூங்கும் அறையில், கட்டிலுக்கு அடியில், ஜன்னலைச் சாத்திவிட்டு அதை ஏற்றுகிறோம். டெங்கு உள்ள ஊரில் கொசுவைச் சும்மா விடச் சொல்லவில்லை. ஜன்னலுக்கு வலை அடிப்பதும் கட்டிலுக்கு வலை கட்டுவதும் சுருள் செலவோடு ஒப்பிட்டால் பெரிய தொகை இல்லை. ஜன்னல் வலை இன்னொன்றும் செய்கிறது. மாலை ஆறு மணிக்குக் கொசுவுக்குப் பயந்து வீட்டை மூடும் கட்டாயம் போகிறது.

வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியை விடச் சொல்லும் ஆள் நான் இல்லை. அந்த வாசனையோடு வளர்ந்தவன்தான். ஜன்னலைத் திறந்துவைத்துப் போடுங்கள், கொஞ்சமாகப் போடுங்கள், இளைப்பு உள்ளவரை அந்த நேரம் வேறு அறையில் இருக்கச் சொல்லுங்கள். பச்சைக் குழந்தைக்கு மட்டும் வேண்டாம். குளிப்பாட்டியதும் முடி உலரவும் சளி பிடிக்காமல் இருக்கவும் புகை காட்டும் பழக்கம் இன்றும் பல வீடுகளில் இருக்கிறது. எங்கள் அத்தையும் அப்படித்தான் சொன்னார்: "நீங்கல்லாம் இந்தப் புகையில வளர்ந்தவங்கதானே?" "அத்தை, துண்டால துவட்டிட்டு ஒரு நிமிஷம் வெயில் பக்கம் வெச்சுக்கலாம், தலை காய்ஞ்சிடும். அந்த நுரையீரல் இன்னும் வளர்ந்துட்டிருக்கு" என்று சொல்லிப் பார்த்தோம். குழந்தை மருத்துவரும் அதையே சொன்ன பிறகு அத்தை ஏற்றுக்கொண்டார். குழந்தையின் மூச்சுக்குழாய் மிகக் குறுகல். கரிக்கங்கில் வரும் கார்பன் மோனாக்சைடும் பிசின் புகையும் அதற்குள் போக வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

வெளிப்புகைக்கு நேரம் பார்க்க வேண்டும். மார்கழி விடியலில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து அசையாமல் நிற்கும், ராத்திரிப் புகையெல்லாம் அதற்குள் அடங்கியிருக்கும். "காலைக் காற்று நல்லது" என்று ஐந்து மணிக்கு ஜன்னலைத் திறந்தால் அதுதான் உள்ளே வரும். பத்து, பதினொரு மணிக்கு மேல் வெயில் ஏறி, கடற்காற்றும் வீசத் தொடங்கினால் நிலைமை தெளியும். பிற்பகல் நாலு வரை காற்றோட்டத்துக்கு நல்ல நேரம். ஈரப்பதமும் பொதுவாக அப்போதுதான் குறைவு. போகியன்று விடிவதற்கு முன்பே எல்லாவற்றையும் மூடி, கதவடி இடுக்கில் துணி வைத்து, புகை கலையும்வரை திறக்காமல் இருங்கள். சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் தாமதமாகும் அளவுக்குச் சில ஆண்டுகளில் அந்தப் புகை மூடியிருக்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் டயர், பிளாஸ்டிக் எரிக்காதீர்கள் என்று ஆண்டுதோறும் கெஞ்சுகிறது. உங்கள் பகுதி நிலவரத்துக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியைப் பாருங்கள். மணலி, ஆலந்தூர், வேளச்சேரி, பெருங்குடி, அரும்பாக்கம் போன்ற இடங்களில் நிலையங்கள் இருக்கின்றன. வீட்டில் விலை குறைந்த துகள்மானி வைத்திருந்தால் மழைக்காலக் காலைகளில் அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். ஈரம் மிகுந்த காற்றில் நீர்கோத்துப் பருத்த துகள்களை எண்ணி அது கூடுதலாகக் காட்டும். பிஎம் 2.5 என்ற நுண்துகளுக்கு நாள் சராசரியாக இந்திய வரம்பு கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னது 15. நான் இரண்டாவதை மனதில் வைத்துத்தான் பார்க்கிறேன்.

இவ்வளவும் செய்த பிறகு ஏர் பியூரிஃபையர் வாங்கலாம். தீபாவளி, போகி, அடுத்த தெருவில் கட்டடம் இடிக்கும் நாள்கள், குப்பைமேடு பற்றி எரியும் நாள்கள் ஆகியவற்றுக்கு அது உண்மையாகவே உதவும். 2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பைமேடு எரிந்தபோது அந்தப் பக்கம் இருந்தவர்களுக்குத் தெரியும். விளம்பரத்தில் மற்றதைத் தள்ளிவிட்டு, மணிக்கு எவ்வளவு சுத்தக் காற்று தரும் என்று சொல்லும் சிஏடிஆர் எண்ணை மட்டும் கேளுங்கள். மேலே சொன்ன 34 கனமீட்டர் அறைக் காற்றை மணிக்கு ஐந்து முறை வடிகட்ட வேண்டும் என்றால் மணிக்கு 170 கனமீட்டர் வேண்டும். ஹெபா வடிகட்டி இருக்க வேண்டும், ஓசோன் உமிழும் வகை வேண்டவே வேண்டாம். ஈரத்தை அது ஒரு துளியும் குறைக்காது.

மணி பிளான்ட் காற்றைச் சுத்தம் செய்யும் என்ற நம்பிக்கை 1989-ல் நாசா வெளியிட்ட ஆய்விலிருந்து பரவியது. அது மூடிய சின்னப் பெட்டிக்குள் நடந்த சோதனை. காற்று வந்துபோகும் வீட்டில் அந்த அளவு பலன் வர, நடக்க இடமில்லாமல் தொட்டி வைக்க வேண்டியிருக்கும். செடி அழகுக்கு இருக்கட்டும். படுக்கையறையில் மட்டும் வேண்டாம், தொட்டி மண்ணின் ஈரம் நாம் குறைக்கப் பார்க்கும் அதே ஈரம்தான்.

வாடகைக்கு வீடு தேடுகிறவர்கள் கேட்டதால் ஒன்று. முடிந்தால் கார்த்திகையில் வீடு பாருங்கள். பங்குனியில் எல்லா வீடும் உலர்ந்து அழகாக இருக்கும், புதுப் பெயின்ட்டும் அடித்திருப்பார்கள். உள்ளே போனதும் விளக்கைப் போடுவதற்கு முன் அலமாரிக் கதவைத் திறந்து மோந்து பாருங்கள். லாஃப்ட் மூலைகளையும் ஜன்னலுக்குக் கீழ்ச் சுவரையும் கையால் தடவுங்கள். வெள்ளைத் தூள் ஒட்டினால் உப்புப் பூத்திருக்கிறது. சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு, ஒரு தாளை அதன் முன்னால் பிடித்து, இழுக்கிறதா என்று பாருங்கள். அது திறந்த வெளிக்குப் போகிறதா, இல்லை நாலு பக்கமும் அடைத்த ஷாஃப்டுக்குப் போகிறதா என்று எட்டிப் பாருங்கள். ஷாஃப்ட் என்றால் கீழ்வீட்டுத் தாளிப்பு உங்கள் குளியலறைக்கு வரும். வீட்டுக்காரரிடம் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே ஜன்னல் வலையையும் எக்ஸாஸ்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். குடிவந்த பிறகு கேட்டால் "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்பார்கள்.